பிசியும் நிரலும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இந்த அவையில் கவிதை படித்திருக்கிறோம், கவிதைக்காகச் சண்டையிட்டிருக்கிறோம், சில மாதங்கள் பேசாமலும் இருந்திருக்கிறோம். இன்று எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'சிறுவரும் விளையாட்டும்' என்பது. அது கடல். நான் அதில் ஒரு கைப்பிடி நீரை மட்டும் முகந்து கொள்கிறேன். ஒருவர் மறைக்க மற்றவர் ஊகிக்கும் விளையாட்டுகளைப் பற்றியும், அத்தகைய ஒன்றைச் சிறுவர்கள் தாமே புனைந்து தாமே கணிப்பொறிக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றியும் பேச விரும்புகிறேன். கணிப்பொறி என்ற சொல்லைக் கேட்டதும் முன்வரிசையில் இரண்டு புருவங்கள் உயர்ந்ததைக் கண்டேன். அவை தாழ்வதற்கு முன் தொல்காப்பியத்துக்குச் சென்றுவிடுவது நல்லது.

செய்யுளியலில் யாப்பின் பாற்பட்டவை எழுவகை எனக் கூறும் தொல்காப்பியர், பாட்டு, உரை, நூல், வாய்மொழி ஆகியவற்றோடு பிசியையும் வைக்கிறார். நாம் விடுகதை என்கிறோமே, அதுதான் பிசி. பாட்டிமார் திண்ணையில் போட்ட விடுகதையைப் பாட்டோடும் நூலோடும் ஒரே வரிசையில் அமர்த்திய துணிவு அவருடையது. பிசியை இருவகைப்படுத்தவும் செய்கிறார். ஒன்று, உவமையோடு பொருந்தி வருவது. யானையை மலையாகவும் அதன் கொம்பைப் பிறையாகவும் வைத்துப் பேசும் பழைய பிசி அவ்வகை. மற்றொன்று, தோன்றும் இயல்பைச் சொல்லி, சொல்லாத பொருளைத் துணிய வைப்பது. இரண்டிலும் சொல்பவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பிசி வாழ்கிறது. கவிதையும் அங்கேதான் வாழ்கிறது என்று சொன்னால் இந்த அவையில் எவரும் மறுக்க மாட்டீர்கள் என எண்ணுகிறேன்.

இனி நம் தெருவுக்கு வருவோம். திண்டிவனம் என்னும் பெயர் திந்திரிணி வனம் என்பதன் திரிபு என்பர். திந்திரிணி என்றால் புளி. புளியங்காட்டுக்குப் பிறந்த பிள்ளைகள் புளியங்கொட்டையை விட்டுவிடுவார்களா? கைநிறைய அள்ளி மூடிக்கொண்டு 'ஒற்றையா, இரட்டையா' என்று கேட்பது இங்குள்ள ஊகவிளையாட்டுகளில் மிக எளியது. இரண்டில் ஒன்று என்ற வாய்ப்பு; அறிவுக்கு வேலை இல்லை. அடுத்த படி கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். மணலை நீளக் கரையாகக் குவித்து, சிறு குச்சியை விரலிடுக்கில் வைத்து உள்ளே ஓட்டி, எங்கோ ஓரிடத்தில் விட்டுவிட வேண்டும். எதிரே இருப்பவர் இரு கைகளையும் கோத்து ஓரிடத்தைப் பொத்துவார். இங்கே மணலைப் பார்ப்பவர் தோற்பார். ஒளிப்பவரின் முகத்தைப் பார்ப்பவர் வெல்வார். விரல் ஓரிடத்தில் சற்றே தயங்கும்போது கண் மட்டும் வேறெங்கோ போகும். அதற்கும் மேலே, பிள்ளைகளுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டி, ஒருவரின் கண்ணைப் பொத்தி, பூவொன்றைப் பெயர் சொல்லி அழைத்து மெல்லக் கிள்ளிப் போகச் செய்யும் விளையாட்டு. கண் திறந்ததும் கிள்ளியவர் யாரெனச் சுட்ட வேண்டும். எல்லோரும் ஒன்றும் அறியாதவர் போல் அமர்ந்திருப்பார்கள். அறியாதவர் அறியாதவர் போல் இருப்பது எளிது. அறிந்தவர் அவ்வாறு இருப்பது கலை.

இதே கலைதான் உலகெங்கும் பெரியவர்களின் விளையாட்டாகவும் உள்ளது. 1986 அளவில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைச் சேர்ந்த திமித்ரி தவீதோவ் 'மாஃபியா' என்னும் விளையாட்டை அமைத்தார். வட்டமாக அமர்ந்த கூட்டத்தில் சிலர் மட்டும் கொலைகாரர்கள். அவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். மற்றவர்கள் எவரையும் அறியார்கள். அறிந்த சிறுபான்மைக்கும் அறியாத பெரும்பான்மைக்கும் இடையில் நடக்கும் போர் என்பதே அதன் கரு. 1997-இல் அமெரிக்கரான ஆன்ட்ரூ பிளாட்கின் அதையே ஓநாய்மனிதர் கதையாக மாற்றினார். 2018-இல் வெளிவந்த 'அமாங் அஸ்' அதே கருவை விண்கலத்துக்குள் ஏற்றியது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில், நம் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் அது வந்து சேர்ந்தது. மலையடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் எனக்கு அதன் விதிகளை விளக்கினான். விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லும் அவனுடைய ஊருடையதாக இல்லை. இது குறையா என்று என்னைக் கேட்டால், ஆடுவதற்குக் குறையில்லை என்பேன். ஆனால் விதியை மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் எங்கே போவான்? புளியங்கொட்டை விளையாட்டின் விதியைத் தெருவிலேயே மாற்றலாம். நான்கு பேர் ஒத்துக்கொண்டால் போதும். கைப்பேசிக்குள் இருக்கும் விளையாட்டின் விதியோ பூட்டப்பட்ட அறையில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிவது அந்த அறையின் சாவி.

இதை முதலில் கண்டவன் நானல்லன். சிறுவர் கணிப்பொறியை இயக்கப் பழகுவதோடு நில்லாமல் அதற்குக் கற்றுக்கொடுப்பவராக ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடு, சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967-இலேயே 'லோகோ' என்னும் மொழியைப் படைத்தனர். அவ்வழியில் 2007-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து 'ஸ்கிராட்ச்' வெளிவந்தது. ஆணைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல். நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, வானூர் வட்டத்து இடையஞ்சாவடியில் உள்ள உதவிப் பள்ளியில் 'ஸ்டெம் லேண்ட்' என்னும் கூடம் நடக்கிறது. அங்கே கிராமத்துப் பிள்ளைகள் ஸ்கிராட்சில் புதிர்களும் விளையாட்டுகளும் அமைத்தே கணக்குப் பயில்கிறார்கள். என்ன கற்பது என்ற இலக்கையும் தாமே வகுத்துக் கொள்கிறார்கள். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு கட்டற்ற மென்பொருளை ஊரக மாணவரிடம் கட்டணமின்றிக் கொண்டு செல்கிறது. எனவே நாம் வெற்றிடத்தில் தொடங்கவில்லை. பெருமுக்கல்லில் நாங்கள் செய்தது அளவில் மிகச் சிறியது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் யாரோ ஓர் அக்காவுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினி ஒன்று, கோடை விடுமுறைச் சனிக்கிழமைகள், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பதினொரு பிள்ளைகள். இவ்வளவே.

முதல் நாள் என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒரே குரலில் சீட்டு விளையாட்டைச் சொன்னார்கள். ராசா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என ஐந்து சீட்டுகள் எழுதிக் குலுக்கிப் போடுவது. போலீஸ் சீட்டு வந்தவர் மட்டும் தம்மை வெளிப்படுத்திக் கொண்டு, மற்ற நால்வருள் திருடன் யாரெனச் சுட்ட வேண்டும். விதிகள் ஊருக்கு ஊர் மாறும்; இது நம் தெருவின் விதி. இதை நிரலாக எழுத வேண்டுமானால் முதலில் நன்றாக ஆடிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் குறிக்கும் பொறுப்பைக் கொடுத்தேன்.

பத்துச் சுற்று முடிந்ததும் அவள் நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆடிய ஐவருள் ஒரு சிறுவன் பத்துச் சுற்றில் ஆறு முறை திருடனெனச் சுட்டப்பட்டிருந்தான். திருடன் சீட்டு அவனுக்கு வந்தது இரண்டே முறை. அவன் மலைக்கு அப்பாலுள்ள இருளர் குடியிருப்பிலிருந்து வருபவன்.

நண்பர்களே, இதற்கு விளக்கம் தேவையில்லை. திருட்டு நடந்தால் முதலில் எந்தக் குடியிருப்புக்கு வண்டி போகும் என்பது இந்த மாவட்டம் அறிந்த செய்தி. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1996-இல் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு தோன்றியது வீணுக்கல்ல. அதற்கும் முன்னே சென்றால், 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொன்றை இயற்றி, பிறப்பையே சான்றாகக் கொண்டு முழுச் சமூகங்களைத் திருடர் எனச் சுட்டியது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் அது நீண்டது. பிள்ளைகள் எவரும் கெட்ட எண்ணத்தோடு அவனைச் சுட்டவில்லை. ஏன் அவனைச் சுட்டாய் என்று கேட்டால் 'சும்மா, தோன்றியது' என்பார்கள். அந்தத் தோன்றல் எங்கிருந்து வந்தது? சீட்டு விளையாட்டில் சான்று என்பதே கிடையாது. நான்கு முகங்கள் மட்டுமே உண்டு. சான்று இல்லாத இடத்தை எது நிரப்புமோ அது நிரப்பிவிட்டது.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவர்களுக்கு அறிவுரை சொல்லவில்லை. சிலப்பதிகாரக் கதையைச் சொன்னேன். கொலைக்களக் காதை வரை வந்ததும், நிரல் எழுதுபவர்களின் கண்ணோடு மன்னனின் ஆணையைப் பார்ப்போம் என்றேன். பாண்டியன் இட்ட ஆணை ஒரு நிபந்தனை வாக்கியம். அரசியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வருக என்பது அதன் கருத்து. நிபந்தனை இருந்தது, ஆகவே மன்னன் முற்றிலும் கண்மூடி ஆணையிட்டான் என்று சொல்ல முடியாது. அப்படியானால் பிழை எங்கே?

சிறிது நேரம் அமைதி. பிறகு ஒருவன், "கள்வன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டாரே" என்றான். உண்மைதான். சோதிக்கப்பட வேண்டிய முடிவு நிபந்தனைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நோட்டு எழுதிய பெண் கேட்டாள்: "அது அரசியின் சிலம்புதானா என்று யார் பார்ப்பார்கள்?" பார்க்கும் பொறுப்பு பொற்கொல்லனிடம் போயிற்று, அவனோ உண்மையில் சிலம்பைக் கவர்ந்தவன். காவலர் தயங்குகிறார்கள், கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வன் அல்லன் என எண்ணுகிறார்கள். அப்போது பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களைப் பற்றி நீண்டதொரு சொற்பொழிவு நிகழ்த்துகிறான். ஊகவிளையாட்டில் வல்லவர் பேசும் பேச்சு அது! பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து செய்தது ஒரே ஒரு சோதனை. அரசியின் சிலம்புக்குள் முத்து, தன் சிலம்புக்குள் மாணிக்கம். வெளியே ஒன்றுபோல் தோன்றும் இரண்டை உள்ளே பிரித்துக் காட்டும் சோதனை. அதை முன்பே செய்திருந்தால் காப்பியம் மதுரைக்காண்டத்தோடு வேறு வழி திரும்பியிருக்கும். இளங்கோவடிகளுக்கு நட்டம், கோவலனுக்கு இலாபம்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளே ஒரு முடிவோடு வந்தார்கள். திருடன் வேண்டாம். சுட்டுவதற்குச் சான்று வேண்டும். இந்த இரண்டே கோரிக்கைகள். திருடனுக்குப் பதிலாக யார் என்பதில் அரை நாள் போயிற்று. பேய் வேண்டும் என்றது ஒரு கட்சி. ஒற்றன் என்றது மற்றொரு கட்சி. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'விருந்தாளி' என்றாள். ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளி. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் போல் கலந்து பேசிச் சமாளிக்கிறார். கண்டுபிடிக்கப்பட்டால் அடி இல்லை, சிறை இல்லை, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். 'ஊருக்குப் புதிது' என்று விளையாட்டுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். மாஸ்கோவில் அறிந்தவர் சிறுபான்மை, அறியாதவர் பெரும்பான்மை. நம் பிள்ளைகள் அதைத் தலைகீழாக்கினார்கள்: அறிந்தவர் அறுவர், அறியாதவர் ஒருவர். இத்தகைய விளையாட்டுகள் வேறு நாடுகளிலும் உண்டு என்பதை அவர்களிடம் நான் உடனே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசரம் ஏதும் இருக்கவில்லை.

விதி இதுதான். ஏழு பேர். கணிப்பொறி ஒரு சொல்லைத் தேர்ந்து ஆறு பேருக்குத் தனித்தனியே காட்டும், ஒருவருக்குக் காட்டாது. பின்பு ஒவ்வொருவரும் அந்தப் பொருளைப் பற்றி ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லக் கூடாது. சுற்று முடிந்ததும் விருந்தாளி யாரென வாக்களிக்க வேண்டும். பிடிபட்ட விருந்தாளி சொல்லைச் சரியாக ஊகித்துவிட்டால் அவருக்கும் வெற்றியில் பங்கு.

கவிஞர்கள் இங்கே சற்றுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சொல்லும் வரி மிகத் தெளிவாக இருந்தால் விருந்தாளி பொருளைத் தெரிந்துகொள்வார். மிக இருண்டிருந்தால் தோழர்களே உங்களைச் சந்தேகிப்பார்கள். அறிந்தவர்க்குப் புலப்பட வேண்டும், அறியாதவர்க்குப் புலப்படக் கூடாது. இந்த மெல்லிய கோட்டின் மேல் நடப்பதற்குத்தான் நாம் பத்தாண்டுகளாகப் பயின்று வருகிறோம். அவர்கள் இரண்டு வாரத்தில் நடந்தார்கள். மரக்காணத்து உப்பு வந்த சுற்றில் ஒருத்தி சொன்னாள்: "வெயிலில் விளைந்து மழைக்கு அழும்." வேர்க்கடலை வந்தபோது, "பூ வெளிச்சத்தில், பிள்ளை இருட்டில்" என்றான் ஒருவன். திண்டிவனத்தின் பெயரைச் சுருக்கி டி.எம்.வி. என்று முன்னொட்டுப் பெற்ற கடலை விதைகள் இந்தியா முழுதும் விதைக்கப்பட்டன. அந்த மண்ணின் பிள்ளைக்கு இந்த உவமை வந்ததில் வியப்பில்லை. ஆயினும் என்னை மிகவும் கவர்ந்த வரி ஒரு விருந்தாளி சொன்னது. சொல் என்னவென்றே தெரியாமல், முகத்தை மிகவும் சோகமாக வைத்துக்கொண்டு, "நேற்றுவரை இதன் அருமை எனக்குத் தெரியாது" என்றான். அதில் ஒரு பொய்யும் இல்லை. அவை முழுதும் அவனை நம்பிற்று. சீட்டு விளையாட்டில் ஆறு முறை சுட்டப்பட்ட சிறுவன்தான் அவன்.

தொல்காப்பியர் சொன்ன இருவகையும் தாமாகவே வந்து விழுந்தன. உவமை சொல்லத் தெரிந்தவர் உவமை சொன்னார். மற்றவர் தோன்றும் இயல்பைச் சொன்னார். எது சிறந்த உத்தி என்று அவர்களுக்குள் விவாதமும் நடந்தது. உவமை சொன்னவரே அதிகம் பிழைத்தார் என்பது நோட்டின் தீர்ப்பு.

இனி நிரல். இதை விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் பிள்ளைகள் உண்மையில் எதைக் கற்றார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது. பழக்கத்துக்காக முதலில் ஒன்று முதல் நூறு வரை ஓர் எண்ணைக் கணிப்பொறி நினைத்துக்கொள்ள, நாம் ஊகிக்கும் சிறு நிரல் எழுதினோம். பெரியது, சிறியது என்று மட்டும் அது சொல்லும். குருட்டாம்போக்கில் கேட்டவர்கள் இருபது முறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் மிச்சத்தைப் பாதியாக வெட்டக் கற்றவர்களுக்கு ஏழு கேள்விக்கு மேல் தேவைப்படவில்லை. 'ஆம், இல்லை' என்ற விடை மட்டும் வரும் இருபது கேள்விகளைச் சரிபாதியாகப் பிரித்துக் கேட்டால் 10,48,576 பொருள்களுள் ஒன்றைத் தனித்துச் சுட்டிவிடலாம் என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டியபோது, அவர்கள் என்னை நம்பவில்லை. மீண்டும் தாங்களே பெருக்கினார்கள். நம்பாமல் பெருக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிறகு 'ஊருக்குப் புதிது'. முதல் ஓட்டத்தில் இரண்டு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ஏன்? காகிதச் சீட்டைக் குவியலிலிருந்து எடுத்தால் அது குவியலில் இருக்காது. இது கைக்குத் தெரியும், ஆகவே நாம் சொல்வதில்லை. கணிப்பொறியோ பட்டியலில் ஒன்றைப் படித்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிடும். எடுத்ததை நீக்கு என்று தனியே ஆணையிட வேண்டும். தமக்குத் தெரியும் என்றே அறியாமல் தெரிந்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லாக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு அப்போதுதான் வந்தது. எழுத்தாளருக்கு அடிக்கடி வரும் கட்டாயம் இது.

இரண்டாவது சிக்கல் இதைவிடச் சுவையானது. நிரல் சரியாக ஓடியது. ஆனால் வாக்களிக்கும் முன்பே எல்லோருக்கும் விருந்தாளி யாரென்று தெரிந்துவிட்டது. திரையில் அறிந்தவருக்கு வருவது ஒரே சொல்: நுங்கு. விருந்தாளிக்கு வருவதோ நீண்ட அறிவிப்பு, நீங்கள் ஊருக்குப் புதியவர், தெரிந்தவர் போல் பேசுங்கள் என்றெல்லாம். படிக்க நேரமானவர் விருந்தாளி! ஆகவே இரு செய்திகளையும் ஒரே நீளமாக்க வேண்டியதாயிற்று. எழுத்தெண்ணிப் பார்த்தார்கள். வரிக்கு நான்கு சீர் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி அமைத்தார்கள். எல்லோருக்கும் திரை ஐந்து நொடி நின்று தானே மறையும்படி செய்தார்கள். கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணியவர்கள் இந்த அவையில் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணியது இலக்கணத்துக்காக. இவர்கள் எண்ணியது ஓர் இரகசியத்தைக் காப்பதற்காக.

மூன்றாவது, இன்றுவரை முழுதும் தீராதது. விருந்தாளியே முதலில் பேச நேர்ந்தால் என்ன செய்வார்? பிடித்துக்கொள்ள ஒரு வரியும் இராது. ஆகவே முதலில் பேசுபவரை அறிந்தவருள் ஒருவராகவே கணிப்பொறி தேர்ந்தெடுக்கட்டும் என்றான் ஒருவன். உடனே மற்றொருத்தி, "அப்படியானால் முதலில் பேசுபவர் விருந்தாளி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே" என்றாள். கருணை காட்டப் போய் உண்மை கசிகிறது. நெடுநேரம் மல்லுக்கட்டிய பிறகு, முறை யாருக்கும் வரலாம், ஆனால் விருந்தாளிக்கு 'உணவு', 'இடம்', 'கருவி' என வகையை மட்டும் காட்டலாம் என்று முடிவாயிற்று. அதன்பின் ஆட்டம் விருந்தாளிக்குச் சற்று எளிதாகிவிட்டதென ஒரு சாரார் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

வாக்கு விதியில் மட்டும் முணுமுணுப்பே எழவில்லை. இருவர் சம வாக்குப் பெற்றால் யாரையும் சுட்டக் கூடாது. இன்னொரு சுற்றுப் பிசி சொல்லிச் சான்று தேட வேண்டும். நோட்டு எழுதிய பெண் இதை முன்மொழிந்தாள். அவளே அந்தக் கட்டைகளைப் பொருத்தினாள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். எங்கள் மடிக்கணினியில் கட்டைகளின் மேல் எழுதியிருந்தவை ஆங்கிலச் சொற்கள். திரையில் தோன்றும் செய்திகளைத் தமிழிலேயே எழுத முடிந்தது. கட்டைகளை மட்டும் நிறத்தால் அடையாளம் கண்டார்கள். ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னே வந்து நிபந்தனை பின்னே வரும். தமிழில் நாம் நிபந்தனையை முழுதும் சொல்லிவிட்டு 'ஆனால்' என்று முடிக்கிறோம். முத்து அண்ணாமலை 2007 அளவில் தொடங்கி உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் இந்த வரிசை அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. நிபந்தனை அடைப்புக்குள் முதலில் வரும், 'ஆனால்' பின்னே வரும், இறுதியில் 'முடி'. எழுத்தில் காட்டு என்பதற்குப் 'பதிப்பி'. ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவருக்கு இதைக் காட்டினேன். 'இது நாம் பேசுவது மாதிரியே இருக்கிறது' என்றார்கள். விளையாட்டை அம்மொழியில் மீண்டும் எழுதும் ஆசை அவர்களுக்கு உண்டு. எழில் ஸ்கிராட்சைப் போல் படமும் ஒலியும் காட்டிக் குழந்தைகளை ஈர்ப்பதன்று. ஆகவே சிறியவர்களுக்கு ஸ்கிராட்சே பொருந்தும் என்பது என் எண்ணம். தமிழில் இருப்பதனாலேயே ஒன்றைச் சிறுவர் மேல் சுமத்தக் கூடாது. இதில் என்னோடு மாறுபடுபவர் இங்குண்டு. தேநீர் வேளையில் வாதிடலாம்.

திரைக்கு முன் பிள்ளைகளை உட்கார வைக்கிறீர்களே என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த விளையாட்டில் கணிப்பொறி வேலை செய்வது ஒரு நிமிடம். சொல்லைக் காட்டும், மூடிவிடலாம். அடுத்த கால்மணி நேரம் ஏழு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். இறுதியில் வாக்கெண்ண மீண்டும் ஒரு நிமிடம். அந்தத் தாயை ஒரு சுற்று ஆட அழைத்தோம். விருந்தாளியாக வந்து, எல்லோரையும் ஏமாற்றி வென்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

நம் மலையின் குகைப்பாறையில் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்துக் கீறல்கள் இருப்பதை அறிவீர்கள். கோடுகளும் குறிகளுமாக, எவரும் இன்னும் படித்து முடிக்காதவை. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோம். கீறியவர்களுக்கு அதன் பொருள் தெரியும், நமக்குத் தெரியாது. நோட்டு எழுதும் பெண் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்கே நாம் எல்லாருமே விருந்தாளி" என்றாள். ஒருவன் மான் என்றான், ஒருவன் ஏணி என்றான். சான்று கேட்டு இருவரையும் மடக்கினாள் ஆறாம் வகுப்புச் சிறுமி.

இப்போது அவர்களுக்கு ஒரு தட்டுப்பாடு. விளையாட்டின் பட்டியலில் இருப்பவை அறுபது சொற்கள். அவற்றைப் பலமுறை ஆடிவிட்டார்கள். எந்தச் சொல் வரும் என்பதும், அதற்கு யார் என்ன வரி சொல்வார் என்பதும் மனப்பாடமாகிவிட்டன. புதுச் சொற்கள் வேண்டும். அகராதியிலிருந்து எடுத்தால் அறுவருமே விருந்தாளிகளாகிவிடுவார்கள். தெருவிலிருந்து மட்டும் எடுத்தால் தீர்ந்துபோகிறது. ஏற்றம், மதகு, கவலை, பரண், மரக்கால், குதிர் என்று பாட்டன்மார் வாயில் இருந்து பேரப்பிள்ளை காதுக்கு வராமல் போன சொற்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒவ்வொருவரும் பத்துச் சொல் எழுதித் தாருங்கள். ஒவ்வொன்றின் பின்னும் உங்கள் பிசி ஒன்றையும் எழுதுங்கள். முதன்முறை அச்சொல் வரும்போது அதை வாசித்துக் காட்டிப் பழக்கிவிடுவோம் என்கிறார்கள். சொல்லை ஒரு பக்கமும் பிசியை மறுபக்கமும் எழுத வேண்டுமாம். ஒரே பக்கத்தில் எழுதினால் தட்டச்சுச் செய்பவருக்கு விடை தெரிந்துவிடும் என்பதால். வாயிலருகே மேசையில் தாள்கள் வைத்திருக்கிறார்கள். எழுதுகோலும் உண்டு.